மூன்று முறை மறுத்தும் உள்ளே அழைக்காத கணினி

கெர்மான்,
சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பின்

அன்பு மகள் ஹெல்யா ஜானுக்கு,

உன் பெரியப்பா ஹெஷ்மத்துல்லா ராவரி ஆசிகளோடு எழுதுவது. நீயும் உன் அறைத்தோழியும் புதிதாக வாங்கிய மடிக்கணினியும் நலமாக இருக்க வேண்டும், அதிலும் மடிக்கணினி தேநீர்க் கோப்பையிலிருந்து ஒரு முழம் தள்ளியே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான், உன் பெரியம்மா மஹ்லகா, மாடி அறையில் நீ விட்டுப்போன கணினி ஆகிய மூவரும் சுகம். மூவரில் இருவர் பேசிக்கொள்கிறோம். மூன்றாவது ஆள் உன்னோடு பேச மாட்டேன் என்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நேற்று போனில் நீ கோபித்துக்கொண்டாய். "பெரியப்பா, எப்பக் கேட்டாலும் 'எல்லாம் நல்லபடியா இருக்கு, உனக்காக உயிரையே கொடுப்பேன்'னு சொல்றீங்க. எனக்கு உங்க உயிர் வேணாம். திரையில என்ன வந்துச்சுன்னு சொல்லுங்க, போதும். எழுத்துல கொடுங்க. எழுதும்போதுதான் நீங்க உண்மை பேசுவீங்க" என்றாய். நியாயம்தான். போனில் ஒருவரிடம் கெட்ட செய்தி சொல்வது எனக்கு வராது. பணிக்காலம் முழுவதும் கட்டுரை வகுப்பு எடுத்தவன். எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். பக்கம் பக்கமாகப் படம்பிடித்து உன் பெரியம்மா தன் போனில் அனுப்புவாள். திரையையும் அவள் நேற்று படம்பிடித்து அனுப்பினாள், ஆனால் அதில் பெரும்பாலும் என் தலைதான் இருந்ததாக நீ சொன்னாய்.

முதலில் நான் புரிந்துகொண்டது சரியா என்று பார். செவ்வாய்க்கிழமை காலை தப்ரீஸில் தேர்வுக் குழு உட்காருகிறது. ஆராய்ச்சி மாணவர் இடம் ஒன்றே ஒன்று, கேட்பவர்கள் இரண்டு பேர். அந்த இன்னொரு பையன் வண்ண வண்ணமாகப் படம் காட்டப் போகிறான். நீயோ, "நான் படம் காட்டப் போறதில்ல, நிஜமா ஓட்டிக் காட்டப் போறேன்" என்று சொல்லிவிட்டாய். ஓட்டிக் காட்ட வேண்டிய பிஸ்தா பிரிக்கும் இயந்திரம் இருப்பது கெர்மானில், என் மாடி அறையில். பிஸ்தா ஒவ்வொன்றாக எஃகுத் தட்டில் விழும். வாய் திறந்த பிஸ்தா, அதாவது சிரிக்கிற பிஸ்தா, ஒரு மாதிரி ஒலிக்கும். வாய் மூடினது வேறு மாதிரி ஒலிக்கும். இயந்திரம் அதைக் காதால் கேட்டு, மூடினதை ஒரு ஊது ஊதித் தள்ளிவிடும். கேட்கிற மூளை முழுவதும் அந்தக் கணினிக்குள் இருக்கிறது. தப்ரீஸில் உட்கார்ந்தபடி நீ அதற்குள் நுழைய வேண்டும். நுழைய முடியாவிட்டால் அந்த இடம் படம் காட்டுகிறவனுக்குப் போய்விடும். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குக் கடவுச்சொல் செல்லாது, சாவி மட்டும்தான் செல்லும் என்று நீயே ஏற்பாடு செய்துவிட்டுப் போனாய். அந்தச் சாவி உன் பழைய மடிக்கணினியோடு தேநீரில் மூழ்கிவிட்டது. ஆகையால் புதுக் கணினியில் புதுச் சாவி செய்து, அதில் பொதுச்சாவி என்கிற ஒரு நீள வரியை எனக்கு அனுப்பினாய். மாடிக் கணினிக்குத் திரை கிடையாது; அதையும் நீ கொண்டுபோய்விட்டாய். எனவே நான் பெரியம்மாவின் மடிக்கணினியிலிருந்து, வீட்டுக்குள்ளேயே, கடவுச்சொல் சொல்லி மாடிக் கணினிக்குள் நுழைந்து, உன் வரியை உரிய இடத்தில் வைத்துவிட்டு வர வேண்டும். "அஞ்சு நிமிஷ வேலை பெரியப்பா" என்றாய். அந்த ஐந்து நிமிடம் வியாழக்கிழமை தொடங்கியது.

புரியாமல் எதையும் செய்யக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொன்னவன், நான் மட்டும் செய்யலாமா? முதலில் உன் பெரியம்மாவுக்கு விளக்கினேன். மற்றவருக்கு விளக்கினால் நமக்கே தெளியும் அல்லவா? ஒரு பிஸ்தாவை உடைத்து இரண்டு ஓடுகளையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். "பாரும்மா, இந்தப் பாதி ஹெல்யாகிட்டயே இருக்கும். யாருக்கும் காட்ட மாட்டா. அது தனிச்சாவி. இந்த இன்னொரு பாதிய ஊருக்கெல்லாம் கொடுக்கலாம். அது பொதுச்சாவி. நாம இந்தப் பாதிய மாடிக் கம்ப்யூட்டர்ல வச்சுட்டா, அவ வந்து தன்னோட பாதியப் பொருத்திக் காட்டுவா. உலகத்துல வேற எந்த ஓடும் இதோட பொருந்தாது" என்றேன். எனக்கே அந்த எடுத்துக்காட்டு மிகவும் பிடித்துப்போயிற்று. உன் பெரியம்மா இரண்டு ஓடுகளையும் வாங்கி, சேர்த்துப் பார்த்து, பிரித்துப் பார்த்து, "சரி, பருப்ப யாரு தின்னா?" என்று கேட்டாள். நான்தான் தின்றிருந்தேன். விளக்கம் அதோடு முடிந்தது.

பிறகு நீ எழுதி அனுப்பிய கட்டளையை எழுத்துக்கூட்டி அடித்தேன். திரையில் ஆங்கிலத்தில் ஏதோ வந்தது. அகராதியை எடுத்துப் பார்த்தேன். மாடிக் கணினியை அது 'ஹோஸ்ட்', அதாவது 'விருந்தளிப்பவர்' என்று குறிப்பிடுகிறது. எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. இந்த விருந்தளிப்பவர் யார் என்று உறுதியாகத் தெரியவில்லை, ஆனாலும் தாங்கள் தொடர விரும்புகிறீர்களா, யெஸ் அல்லது நோ, என்று கேட்கிறது. ஹெல்யா, நீயே சொல். வாசலில் நிற்கிறோம், முன்பின் பழக்கமில்லாத வீடு, உள்ளே வருகிறீர்களா என்று கேட்கிறார்கள். முதல் தடவையே சரி என்று சொல்லிக்கொண்டு செருப்பைக் கழற்றுகிறவன் மனிதனா? உன் அப்பாவும் நானும் அப்படி வளரவில்லை. 'நோ' என்று அடித்தேன். வேண்டாம், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்ற பொருளில். நம் கெர்மான் வீடுகளில் அதற்கு என்ன நடக்கும்? கையைப் பிடித்து இழுப்பார்கள், சத்தியம் வைப்பார்கள், சமோவாரில் தேநீர் கொதிக்கிறது என்பார்கள். இது என்ன செய்தது தெரியுமா? சரிபார்ப்பு தோல்வி என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது.

முதல் தடவைதானே, கூச்ச சுபாவமாக இருக்கலாம் என்று மறுபடி தட்டினேன். மறுபடி அதே கேள்வி. மறுபடி மறுத்தேன். மறுபடி சாத்திக்கொண்டது. மூன்றாம் தடவை, வெறும் மறுப்பு முரட்டுத்தனமாகத் தெரிகிறதோ என்று எண்ணி, 'மிக்க நன்றி, தங்களுக்குத் தொந்தரவு தர மனமில்லை' என்று முழு வாக்கியமாகவே அடித்தேன். யெஸ், நோ இரண்டில் ஒன்றை மட்டும் அடிக்கவும் என்று கண்டிப்பாகச் சொன்னது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மஹ்லகா கானும், உன் கொழுந்தன் மகள் வாங்கின கம்ப்யூட்டருக்கு உபசாரமே தெரியல. மூணு தடவ மறுத்தும் ஒரு தடவகூட வற்புறுத்தல" என்றேன். அவள் மருந்துக்கடை நடத்தி ஓய்வு பெற்றவள் அல்லவா, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "வாத்தியாரே, அது விருந்துக்குக் கூப்பிடல, விசாரிக்குது. எங்க கடைக்கு நீங்க வந்து நிக்கறப்போ, நான் 'இந்த மருந்துதான் வேணுமா'ன்னு கேட்டா, 'ஐயோ வேணாம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்'னு சொல்லிட்டு வீட்டுக்குப் போவீங்களா?" என்றாள். உண்மையைச் சொன்னால், ஒரு முறை அப்படிப் போயிருக்கிறேன். அதை நான் அவளிடம் சொல்லவில்லை. யெஸ் என்று அடித்தேன். உடம்பெல்லாம் கூசியது, ஆனால் அடித்தேன்.

அடுத்து கடவுச்சொல் கேட்டது. அதை இங்கே எழுத மாட்டேன், நீ பயப்படாதே. உன் பெரியம்மா வெள்ளிக்கிழமைகளில் சமைப்பது என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அடித்தேன். ஒரு எழுத்தும் திரையில் விழவில்லை. விசைகளைத் தட்டினேன், ஊதினேன், தலைகீழாகக் கவிழ்த்தேன். பூசணி விதைத் தோல் கொட்டியது, எழுத்து வரவில்லை. நீ போனில் "அப்படித்தான் பெரியப்பா, காட்டாது, மறைச்சு வைக்கும்" என்றாய். அப்போதுதான் எனக்கு அதன் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. நாம் ரகசியம் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. ஆனால் எத்தனை முறை அடித்தாலும் தவறு, தவறு என்றது. கடைசியில் பார்த்தால், தட்டிக் கவிழ்த்ததில் விசைப்பலகை பாரசீக எழுத்துக்கு மாறியிருந்திருக்கிறது. நான் சுத்தமான பாரசீகத்தில், எழுத்துப்பிழை இல்லாமல், ஒரு சாப்பாட்டின் பெயரை அதற்கு ஓதிக்கொண்டே இருந்திருக்கிறேன், அது பாவம் விளங்காமல் விழித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஆங்கிலத்துக்கு மாற்றினேன். உள்ளே விட்டது.

உன் நீள வரியைத் திரைக்குக் கொண்டுவந்த சமயம் பார்த்து, பக்கத்து வீட்டு ஜரந்தி ஐயா ஒரு கிண்ணம் ஆஷ் கஞ்சியோடு உள்ளே வந்தார். உன் பெரியம்மா சட்டென்று தன் சாதர் முக்காட்டை மடிக்கணினியின் மேல் போர்த்தினாள். "மூடாதே, அது பொதுச்சாவி, யார் வேணா பார்க்கலாம்" என்றேன். ஜரந்தி ஐயா, "ஐயோ, நான் பார்க்கவே மாட்டேன், குடும்ப விஷயம்" என்றார். "இல்ல, பாருங்க." "எனக்கென்ன தகுதி!" "கண்டிப்பா பார்க்கணும்." "உங்க நிழல் எங்க மேல இருந்தாப் போதும்." இப்படியே நானும் அவரும் போய்க்கொண்டிருந்தோம். கடைசியில் அவர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடி தேநீர் குடித்துவிட்டுப் போனார். அவருக்குத் தட்டில் வைத்த பிஸ்தா எந்தப் பையிலிருந்து எடுத்தது என்று கேட்காதே. உன் சோதனைப் பை கொஞ்சம் இளைத்திருக்கிறது. வேறு பிஸ்தா போட்டு நிரப்பியிருக்கிறோம், எலுமிச்சையும் உப்பும் போட்டு வறுத்தது, அதுவும் நன்றாகவே சிரிக்கும்.

பிறகு உன் வரியை, உனக்குரிய மரியாதையோடு, அந்த இடத்தில் வைத்துச் சேமித்தேன். நீ தப்ரீஸிலிருந்து தட்டினாய். அனுமதி இல்லை என்று வந்ததாகச் சொன்னாய். எழுத்து விட்டுப்போயிருக்கும் என்றாய். நான் இங்கே ஒவ்வோர் எழுத்தாக வாசிக்க, நீ அங்கே சரிபார்த்தாய். பெரிய எழுத்து எது, சின்ன எழுத்து எது என்று எல்லாம் பார்த்தோம். சொல்வதெழுதுதலில் என்னிடம் முழு மதிப்பெண் வாங்கியவர்கள் மிகக் குறைவு, அந்த வரி வாங்கியது. ஒரு புள்ளி பிசகவில்லை. மறுபடி தட்டினாய். மறுபடி அனுமதி இல்லை. நேற்று உன் குரலில் கோபம் போய் வேறு ஒன்று வந்திருந்தது. "பரவால்ல பெரியப்பா, விடுங்க, நானும் படமே காட்டிக்கறேன்" என்றாய். கோபமாகவே பேசியிருக்கலாம். அதைக் கேட்டபின் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். சாவியும் வேண்டாம், பூட்டும் வேண்டாம். நீ கணினியிடம் வர முடியாவிட்டால் கணினி உன்னிடம் வரும். இன்று இரவுப் பேருந்தில் அதையும் பிஸ்தா இயந்திரத்தையும் எடுத்துக்கொண்டு புறப்படுகிறேன். தெஹ்ரானில் மாறி, திங்கட்கிழமைக்குள் தப்ரீஸ் வந்துவிடுவேன். எனக்கு ஓர் இருக்கை, கணினிக்கு ஓர் இருக்கை. உன் பெரியம்மா சீட்டுகளைப் பார்த்துவிட்டு, "பொண்டாட்டிய ஷிராஸுக்குக் கூட்டிட்டுப் போக எப்பவும் சீட் கிடைக்காது. கம்ப்யூட்டருக்கு ஜன்னலோரமே கிடைச்சிருச்சா?" என்றாள். வழியில் கணினி அதிரக் கூடாது என்று கல்யாணத்துக்குத் தைத்த பெரிய பஞ்சுப் போர்வையை அதன்மேல் இரண்டு சுற்றுச் சுற்றி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டியாயிற்று. மின்கம்பியையும் இணையக் கம்பியையும் மட்டும் இன்னும் பிடுங்கவில்லை. 'என்னிடம் சொல்லாமல் கம்பியைப் பிடுங்கக் கூடாது' என்று நீ அதன் முதுகில் ஒட்டிவைத்திருக்கிறாய் அல்லவா. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்ததும் பிடுங்குவேன்.

ஹெல்யா ஜான், நீ பிஸ்தாவுக்குக் காது வைத்தவள். உன்னை உட்காரவைத்து ஒரு நிமிடம் கேட்டால் அந்தக் குழுவுக்கும் புரிந்துவிடும். படிப்பு உன் கைகூடட்டும், கண்பட்டது கழியட்டும், நீ போகும் வழியில் முள் எல்லாம் மலராகட்டும். உன் அறைத்தோழிக்கு என் சலாம். உன் அப்பாவுக்கு இந்தக் கடிதத்தைக் காட்டாதே, மூன்று முறை மறுத்ததைச் சொல்லியே ஆண்டு முழுக்கச் சிரிப்பான். பெரியம்மா உன் இரு கன்னங்களிலும் முத்தம் தருகிறாள், நான் நெற்றியில்.

உனக்காக உயிரையே கொடுக்கும்
(இது எழுத்தில் இருப்பதால் உண்மை)
பெரியப்பா ஹெஷ்மத்துல்லா ராவரி

பின்குறிப்பு: மேலே உள்ள எதையும் பொருட்படுத்தாதே. நான் எங்கும் வரவில்லை.

உன் பெரியம்மா பக்கங்களைப் படம்பிடித்துக்கொண்டே வந்தவள், ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாள். "இங்க 'உரிய மரியாதையோடு வைத்தேன்'னு எழுதியிருக்கீங்களே. என்ன மரியாதை?"

"கானும் மொஹந்தெஸ். பொறியாளர் அம்மையார். படிச்ச பொண்ணு, அவ பேரு வரி முடிவுல மொட்டையா நிக்குது. பட்டம் இல்லாம பேர் எழுதினா நான் மார்க்கையே குறைச்சிருக்கேன். நானே அப்படி வைப்பேனா?"

"எங்க போட்டீங்க?"

"எல்லாரும் எங்க போடுவாங்க? முன்னாடி. வரியோட தொடக்கத்துல."

"வாசிச்சுக் காட்டும்போது அதையும் வாசிச்சீங்களா?"

"பட்டத்தைப் போய் யாராவது எழுத்துக்கூட்டி வாசிப்பாங்களா?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "வாத்தியாரே, மருந்துச் சீட்டுல 'மாண்புமிகு ஆஸ்பிரின்'னு எழுதியிருந்தா நான் எந்த டப்பாவத் தேடுவேன்? அது ஒரு பிஸ்தா ஓடுன்னு நீங்கதானே சொன்னீங்க? ஓட்டு விளிம்புல மரியாதையா ஒரு பிடி மண்ண ஒட்டி வச்சா, மத்த பாதி எப்படிப் பொருந்தும்?" என்று சொல்லிக்கொண்டே மடிக்கணினியை இழுத்தாள். அழிக்க அவளுக்கும் மனம் வரவில்லை. "பேரு சும்மா அடையாளத்துக்குக் கடைசிலதானே இருக்கு, அது பொருந்த வேண்டிய விளிம்பு இல்ல. பட்டமும் அவ பேரு பக்கத்துலயே இருக்கட்டும்" என்று முன்னாலிருந்து எடுத்து வால்பக்கம் வைத்தாள். நாங்கள் உனக்குச் சொல்வதற்குள் மாடியில் ஒரு சத்தம். விசிறி விமானம்போல ஊளையிட்டது. அதே சமயம் உன் செய்தி வந்தது: 'பெரியப்பா!!! கடைசியா ஒரு தடவ தட்டிப் பார்க்கலாம்னு தட்டினேன், திறந்துடுச்சு! உள்ள வந்துட்டேன்! ஆனா கம்ப்யூட்டர் ஏன் இப்படிக் கொதிக்குது? அங்க என்ன நடக்குது?'

நான் வழக்கம்போல, எல்லாம் நல்லபடியாக இருக்கிறது, உனக்காக உயிரையே என்று அடிக்கத் தொடங்கினேன். பெரியம்மா போனைப் பிடுங்கி, 'கல்யாணப் போர்வைக்குள்ள இருக்கு, அவுக்கறோம்' என்று அனுப்பினாள். இருவரும் மாடிக்கு ஓடினோம். முடிச்சு அவிழவில்லை, கயிற்றை அறுத்தோம்.

பிறகு நீ கேட்டாய்: 'ஒரு தடவ ஓட்டிப் பார்க்கட்டுமா? மேல பிஸ்தா போட்டிருக்கீங்களா? ஆமா, இல்ல, ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க பெரியப்பா.' என் விரல் பழக்கத்தில் 'இல்ல' பக்கம் போனது. இழுத்துப் பிடித்து, சோதனைப் பையை இயந்திரத்தின் மேல் கவிழ்த்துவிட்டு, முதல் தடவையிலேயே 'ஆமா' என்று அனுப்பினேன். மாடியில் ஒரு நொடி அமைதி. அப்புறம் டங், டங், டிக், டங் என்று கொட்ட ஆரம்பித்தது. இந்தப் பக்கம் சிரிக்கிறவை, அந்தப் பக்கம் உம்மென்று இருப்பவை. எலுமிச்சை போட்டு வறுத்ததும் சிரித்தது.

செவ்வாய்க்கிழமை பிஸ்தா போட நான் இங்கேயே இருக்கிறேன். பேருந்துச் சீட்டு வீணாக வேண்டாமே என்று, கணினிக்கு வாங்கின அந்த ஜன்னலோர இருக்கையில் தப்ரீஸ் போய்வருகிறாயா என்று உன் பெரியம்மாவிடம் ஒரு பேச்சுக்குக் கேட்டேன். உங்களுக்கு யார் சமைப்பது, வீட்டை யார் பார்ப்பது என்று மூன்று முறையாவது மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன். 'யெஸ்' என்றாள். ஆங்கிலத்திலேயே. மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறாள், அதே போர்வை, அறுத்ததில் மிஞ்சின அதே கயிறு.